சிவப்பு கலிப்பரும் பெரகலை இறக்கமும்

இது கார் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கான பதிவு என்று நினைத்து யாரும் தாண்டிப் போக வேண்டாம். அந்தக் கார்களுக்கு முன்னால் ஓட்டோவிலும், பின்னால் பள்ளிக்கூட வேனிலும், பக்கத்தில் நடந்தும் போகிறவர்கள் நாம்தான். கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு இரத்தினபுரி டவுனில் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கும் கார்களின் தொகை கூடிவிட்டது. மாஷா அல்லாஹ், நல்ல விஷயம்தான். பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்ற சமூகம் நாம். மின்சாரக் காரைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் காரின் சில்லுக்குள் தெரியும் ஒரு சிவப்புத் துண்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கலிப்பர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் பேட் வைத்துக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி கலிப்பர். நாம் பெடலை மிதித்தால் பிரேக் ஒயில் அழுத்தம் போய் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேட்டைத் தள்ளும், பேட் தட்டைப் பிடிக்கும். சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் றப்பரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது சாம்பல் நிறத்தில், சேறு அப்பிக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காத பொருளாக இருக்கும்.

இப்போது பார்க்கிறார்கள். என்னிடம் படித்து, இன்று கல் வியாபாரத்தில் நன்றாக இருக்கும் ஒரு தம்பி போன மாதம் வட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினான். நான்கும் ஒரே கார், ஒரே ரிம். கலிப்பர் மட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. "சேர், எதை எடுக்க? வீட்டுல ரெண்டு கட்சியா பிரிஞ்சிட்டாங்க." பௌதிகவியல் படிப்பித்த ஆளிடம் நிறம் கேட்கிறான். நான் திருப்பிக் கேட்டேன்: "மகன், அந்த நிறத்துக்குப் பின்னால என்ன இருக்கு?" பதில் வர இரண்டு நாள் ஆனது. இருந்தது ஒரு பிஸ்டன் உள்ள சாதாரண கலிப்பர். மேலே ஒட்டப் போவது பிளாஸ்டிக் உறை. அதில் இத்தாலியக் கம்பனி ஒன்றின் பெயர் வெள்ளை எழுத்தில்.

நிறம் என்பது சும்மா அலங்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் அதற்கு அர்த்தம் உண்டு. 2019இல் வந்த போர்ஷே டைகான் மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 4எஸ் ரகத்தில் கலிப்பர் சிவப்பு. முன் டிஸ்க் 360 மில்லிமீற்றர். டர்போ ரகத்தில் கலிப்பர் வெள்ளை. முன் டிஸ்க் 415 மில்லிமீற்றர், இரும்புத் தட்டின் மேல் டங்ஸ்டன் கார்பைட் பூச்சு. டர்போ எஸ் என்றால் மஞ்சள். 420 மில்லிமீற்றர் செரமிக் தட்டு. அதே கம்பனியின் பெற்றோல் ஹைபிரிட் கார்களில் இளம் பச்சை. தெரிந்தவன் தூரத்தில் நின்றே உள்ளே என்ன தட்டு என்று சொல்லிவிடுவான்.

அந்த வெள்ளை எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரேக் பிடிக்கும்போது தேய்ந்து விழும் கறுப்புத் தூள்தான் ரிம்மை அழுக்காக்குகிறது. டங்ஸ்டன் பூச்சுத் தட்டில் அந்தத் தூள் 90 வீதம் வரை குறைவு என்று கம்பனி சொன்னது. அதைச் சொல்லிக் காட்டத்தான் கலிப்பருக்கு வெள்ளை அடித்தார்கள். தூள் கொட்டும் பிரேக்குக்கு யாராவது வெள்ளை அடிப்பார்களா? பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பும் உம்மாமாருக்கு இது உடனே விளங்கும்.

டெஸ்லாவின் மாடல் 3 பெர்ஃபோமன்ஸ் காரிலும் ஆரம்பத்தில் சிவப்பு கலிப்பரோடு பெரிய தட்டு வந்தது. சாதாரண மாடல் 3இன் முன் டிஸ்க் 320 மில்லிமீற்றர், அதில் 355. 35 மில்லிமீற்றர் கூடினால் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். தட்டு பெரிதானால் பேட் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தூரப் போகிறது, அதே அழுத்தத்துக்குக் கூடுதல் திருப்பம் கிடைக்கிறது. நெம்புகோல் தத்துவம், பள்ளிக்கூடப் பாடம். அதைவிட முக்கியம், சூட்டை வாங்கி வைக்க இரும்பு கூடுதலாக இருக்கிறது, அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கப் பரப்பும் கூடுதலாக இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தை விற்பனைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு தடவை சடுதியாக பிரேக் அடித்து நிற்பதற்குப் பெரிய கலிப்பரால் பெரிதாக இலாபம் இல்லை. சாதாரண கலிப்பருக்கே சில்லைப் பூட்டிவிடும் பலம் உண்டு. அதற்குப் பிறகு ஏபிஎஸ் வந்து விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த இடத்தில் காரை நிறுத்துவது வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் டயர், ஒரு சில்லுக்கு ஓர் உள்ளங்கை அளவு றப்பர். பெரிய பிரேக்கின் பெறுமதி இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது தடவையில் தெரியும். அதாவது சூட்டில்.

சூடு என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு வேறு ஒரு ஞாபகம் வர வேண்டும். பால் நிறத்தில், ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய கெவுடாக் கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிக்கொண்டு போய், உலையில் சுட்டு, நல்ல நீலமாக்கி உலகத்துக்கு விற்றார்கள். அதற்குப் பிறகுதான் நாமும் உலை வைத்தோம். இன்று டவுனில் ஒரு நீலக்கல்லை நீட்டினால் அனுபவமுள்ளவர் முதலில் நிறத்தையா பார்க்கிறார்? டோர்ச்சை அடிக்கிறார், லென்ஸை வைக்கிறார், உள்ளே பட்டு நூல் உருகியிருக்கிறதா என்று தேடுகிறார். "சுட்டதா, சுடாததா?" என்று கேட்கிறார். கண்ணாடி நிரப்பிய கல்லைத் தொடவே மாட்டார். அப்படிப்பட்ட கண் உள்ள மனிதர், அறுபது, எழுபது இலட்சம் லீசிங் போட்டு வாங்கும் பொருளில் பிளாஸ்டிக்குக்கு மேலிருக்கும் சிவப்பைப் பார்த்து மயங்குகிறார். எனக்கு இது விளங்குவதில்லை.

இனி நம் வீதிகளுக்கு வருகிறேன். இங்கேதான் என் உண்மையான கவலை.

கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, பெலிஹுலோயா தாண்டியதும் ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைக்கு ஏறுகிறது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேலே ஹப்புத்தளை, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேல். நாம் இருப்பதோ களு கங்கை ஓரத்துத் தாழ்நிலம். லீவு விட்டால் பாதி இரத்தினபுரி அங்கே மேலே போகிறது, மாலையில் திரும்பி இறங்குகிறது. இறக்குவானைப் பக்கம் உள்ளவர்களுக்குச் சூரியகந்தைக்குப் போகும் பத்து வளைவு இருக்கிறது. கேகாலை, மாவனல்லைக்காரர்களுக்குக் கடுகண்ணாவை. இறக்கம் இல்லாத பக்கம் நமக்கு இல்லை.

ஒரு கணக்கு செய்வோம். ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ எடையுள்ள ஒரு மின்சாரக் கார். மின்சாரக் கார்கள் பாரமானவை, அடியில் பற்றரி கிடக்கிறது. அது 1,000 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிவரும் சக்தி எவ்வளவு? திணிவு, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 2 கோடியே 15 இலட்சம் ஜூல். மின்சார பில்லின் பாஷையில் சொன்னால் ஏறத்தாழ 6 யூனிட். எழுபது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் பெரிய கஞ்சிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விதமாகப் பார்த்தால், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 25 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயர் உருள்வதும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிகுதி எங்கே போகிறது?

மின்சாரக் காரின் அழகு இங்கேதான். கால் எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறுகிறது. இறங்கும் சக்தி மின்சாரமாகிப் பற்றரிக்குப் போகிறது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் மூன்று, நான்கு யூனிட் திரும்பி வரும். பிரேக் தட்டு குளிராகவே இருக்கும். டைகானில் அன்றாடம் பிடிக்கும் பிரேக்குகளில் 90 வீதம் பேட் தட்டைத் தொடாமலே முடிந்துவிடுகிறது என்று போர்ஷே சொல்கிறது. முதல் டைகான் 265 கிலோவாட் வரை இப்படித் திருப்பி எடுத்தது. 2024இல் வந்த புதியது 400 கிலோவாட் வரை. எங்கள் வீதியில் ஓடும் பழைய நிஸான் லீஃபும் ஹைபிரிட் அக்வாவும் கூட இதைச் சிறிய அளவில் செய்கின்றன. கியர் லீவரில் இருக்கும் 'பி' அதற்குத்தான். ஆறு வருடம் அக்வா ஓட்டியும் அந்தப் 'பி'யை ஒரு தடவையும் தொடாத ஆசிரியர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், வாசிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

ஆனால் பற்றரி நிரம்பியிருந்தால்? நிறைந்த பானையில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது. கார் தானாகவே அந்த மின்சாரப் பிடிப்பைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். அப்போது மொத்தப் பாரமும் பழைய பேட், பழைய தட்டின் தலையில்.

போன ஓகஸ்ட் லீவில் இதை நேரில் பார்த்தேன். ஹப்புத்தளையில் இரவு தங்கிவிட்டுக் காலையில் இறங்கினோம். கார் என் மைத்துனருடையது, பின்சீட்டில் மாமியும் இரண்டு பிள்ளைகளும். தங்கிய இடத்தில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு வீதம் நிரப்பியிருந்தார். இலவசம் என்றால் நம்மவர்கள் விடுவார்களா? பெரகலை தாண்டி இறங்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் சொன்னார், "மச்சான், இது நேத்து மாதிரி புடிக்குதில்ல." வழமையாகக் கால் எடுத்தால் இழுத்துப் பிடிக்கும் கார் அன்று தன்பாட்டில் உருண்டது. அவர் பெடலில் காலை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஹல்துமுல்லைக்குக் கிட்ட வரும்போது கருகல் வாசம். ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால், முன் சில்லு இரண்டுக்கும் ஒன்லைனில் வாங்கி ஒட்டியிருந்த சிவப்பு உறைகளின் ஓரம் வளைந்து தொங்குகிறது. ஒன்று ரிம்மின் உள்பக்கத்தில் உரசி வெள்ளைக் கோடு போட்டிருந்தது. மாமி தஸ்பீஹை எடுத்துவிட்டார்.

முக்கால் மணித்தியாலம் நின்றோம். உறைகளைக் கழற்றிப் பூட்டுக்குள் போட்டோம். பிறகு மெதுவாக, விட்டுவிட்டுப் பிடித்து இறங்கினோம். கீழே வர வர பற்றரியில் இடம் கிடைத்து மின்சாரப் பிடிப்பும் திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த உறை வேலை செய்யும் கலிப்பரின் மேல் போட்ட ஒரு கம்பளி. காற்று படவேண்டிய இடத்தை மூடுகிறது. விற்கும் உறைகளில் எஸ், எம், எல் என்று சைஸ் வேறு உண்டு. சட்டை வாங்குவது போல. எம் உறையைப் போட்டால் எஸ் கலிப்பர் எம் ஆகிவிடுமா?

"சேர், அது உறை. நான் பெயின்ற் அல்லவா அடிக்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். சரி. பெயின்றை நான் எதிர்க்கவில்லை. சூடு தாங்கும் கலிப்பர் பெயின்றை, தட்டையும் பேட்டையும் பிஸ்டன் றப்பரையும் ஒயில் நிப்பிளையும் மூடிவைத்து, கலிப்பரை நன்றாகக் கழுவிக் காயவைத்து அடித்தால் ஒரு கேடும் இல்லை. சொல்லப்போனால் நன்மையும் உண்டு. துரு பிடிப்பது தாமதமாகும். பிரேக் ஒயிலுக்குச் சாதாரண பெயின்றைத் தின்னும் குணம் இருப்பதால், எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் பெயின்ற் கொப்பளித்துக் காட்டிக் கொடுத்துவிடும். பாவித்த வேகக் கார் வாங்குகிறவர்கள் மஞ்சள் கலிப்பர் பழுப்பாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாறியிருந்தால் அது பந்தயத் தடத்தில் நன்றாகச் சூடு கண்ட கார். சுட்ட கல்லைக் கண்டுபிடிப்பது போலத்தான். நிறம் உண்மை பேசவும் செய்யும், பேச விட்டால்.

நான் எதிர்ப்பது, சைக்கிள் கடையில் விற்கும் ஸ்பிரே டின்னைக் கொண்டுவந்து, சில்லைக் கூடக் கழற்றாமல், ரிம்முக்கு இடையால் "ஸ்ஸ்ஸ்" என்று அடிப்பதை. அது தட்டிலும் விழும், பேட்டிலும் விழும். சறுக்கி அசைய வேண்டிய பின்னிலும் விழுந்து இறுகும்.

உலகத்தில் இதே ஏமாற்றுப் பெரிய அளவிலும் நடக்கிறது. சீனாவின் ஷியாவோமி கம்பனி எஸ்யூ7 அல்ட்ரா என்று 1,500 குதிரை வலுவைத் தாண்டிய மின்சாரக் கார் செய்தது. அதன் பிரேக்கில் குறை சொல்ல முடியாது. முன்னால் 430 மில்லிமீற்றர் செரமிக் தட்டு. நம் வீட்டுச் சஹனின் அளவு என்று வையுங்கள். ஆனால் அதே காருக்கு 42,000 யுவானுக்குக் காற்றுத் துளை வைத்த கார்பன் பொனட் ஒன்றைத் தனியாக விற்றார்கள். அந்தத் துளை காற்றைச் சில்லுப் பக்கம் கொண்டுபோகும் என்று நம்பி வாங்கியவர்கள், உள்ளே பார்த்தபோது பெரும்பாலும் வெறும் அலங்காரம் என்று கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 2025 மேயில் கம்பனி தெளிவாகச் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்டது. டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்ட் 1,020 குதிரை வலுவோடு வந்தபோதும் செரமிக் பிரேக் வேண்டுமென்றால் தனியாக 20,000 டொலர் என்று பிறகு விலை போட்டார்கள். ஓடுவதற்கு முதலில், நிறுத்துவதற்குப் பிறகு.

பிவைடி சீல் காரின் வேக ரகத்தின் பின்னால் '3.8எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சியத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை 3.8 செக்கனில் தொடும் என்று அர்த்தம். 100இலிருந்து பூச்சியத்துக்கு எத்தனை மீற்றர் என்று எந்தக் காரின் பின்னாலாவது எழுதியிருக்கிறதா? பின்னால் வருகிறவனுக்கு உண்மையில் தேவையான தகவல் அதுதான். இங்கே மின்சாரக் காரின் வரியும் மோட்டார் கிலோவாட்டை வைத்துத்தான். அதனால் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் வாப்பாவின் கார் எத்தனை கிலோவாட் என்று தெரியும். பேட் எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் என்று வாப்பாவுக்கே தெரியாது. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் தனியார் காருக்குக் கேட்பது காப்புறுதியும் புகைப் பரிசோதனையும். மின்சாரக் காருக்குப் புகையும் இல்லை. பிரேக்கை யார் பார்க்கிறார்கள்? இதை மோட்டார் வாகனத் திணைக்களம் யோசிக்க வேண்டும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் நாடு, மலையில் இறங்கும் இரண்டு தொன் காருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரேக் சோதனை கேட்டால் என்ன?

பாவிக்காத பொருளும் கெட்டுப் போகும் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பெற்றோல் காரில் பேட் தினமும் தட்டை உரசித் துருவைத் துடைத்துக்கொண்டே இருக்கும். மின்சாரக் காரில் மோட்டாரே வேலையைச் செய்வதால் தட்டு வாரக்கணக்கில் சும்மா கிடக்கிறது. இரத்தினபுரி மழையைப் பற்றி இரத்தினபுரிக்காரனுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2003இலும் 2017இலும் களு கங்கை எங்கள் வீட்டுச் சுவரில் எழுதிய கோடு இன்னும் இருக்கிறது. இந்த ஈரத்தில் தட்டு துருப் பிடிக்கும், பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும், கலிப்பர் பின் இறுகும். "எலெக்ட்ரிக் காருக்கு பேட் ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடும் சேர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். தேயாது என்பது சரி. தேவைப்படும் அன்றைக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

இதனால்தான் வொக்ஸ்வேகன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களில் பின் சில்லுக்கு மூடிய டிரம் பிரேக்கை வைத்தது. தண்ணீரும் தூசியும் உள்ளே குறைவாகப் போகும், துரு குறைவு. இங்கே ஒருவரிடம் சொன்னேன். "பின்னால டிரம்மா? அப்ப அது சீப் கார்" என்றார். டிரம்முக்குச் சிவப்பு உறை கிடைக்காது என்பதுதான் அவருடைய பிரச்சினை என்று நினைக்கிறேன்.

பிரேக் ஒயிலும் அப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் திரவம். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் குடித்த பிறகு அது 155 பாகை. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். குமிழை அமுக்கலாம், அது பேட்டைத் தள்ளாது. பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். இறக்கத்தில் "பிரேக் இல்லாமல் போனது" என்று சொல்லும் பல சம்பவங்களில் பிரேக் அங்கேதான் இருக்கும், கொதித்தது ஒயில். அந்த ஒயிலை மாற்றும் செலவு ஒரு செட் சிவப்பு உறையைவிடப் பெரிதாகக் கூட வராது. ஆனால் மாற்றிய ஒயிலைப் படம் பிடித்துப் போட முடியாதே.

பெரிய ரிம் ஆசை இதோடு சேர்ந்தது. பெரிய கலிப்பரைக் காட்டப் பெரிய ரிம், பெரிய ரிம்முக்கு மெல்லிய டயர். தோட்டப் பாதையில் ஒரு குழியில் விழுந்தால் டயரும் போச்சு ரிம்மும் போச்சு. ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். வேகக் கார்களில் 20 அங்குலம் போடுவது உள்ளே 400 மில்லிமீற்றர் தட்டு உட்கார இடம் வேண்டும் என்பதால். ஹியூண்டாய் ஐயோனிக் 5 என் காரில் முன் தட்டு 400 மில்லிமீற்றர், அதனால் 21 அங்குல ரிம்மில் ஓர் அர்த்தம் இருக்கிறது. 300 மில்லிமீற்றருக்கும் சிறிய தட்டைச் சுற்றி 20 அங்குல ரிம் போட்டால், பெரிய மேசையில் ஒரு பிஸ்கட் வைத்த மாதிரி இருக்கும். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் உறையே வாங்குகிறார்கள்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்துவிட்டு காருக்கு நிறம் கேட்டால் திட்டாதீர்கள். அந்த ஆசை நமக்கும் இருந்தது. நாங்கள் சைக்கிள் சில்லில் மணி கோர்த்தோம். அவனைக் கராஜுக்குக் கூட்டிப் போங்கள். பாஸிடம் ஒரு சில்லைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டில் எவ்வளவு மிச்சம் என்று அவனையே அளக்கச் சொல்லுங்கள், மூன்று மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தட்டின் ஓரத்தில் விரலை ஓட்டி மேடு தெரிகிறதா என்று பார்க்கட்டும். டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தை வாசித்து எந்த வருடம் எந்த வாரத்தில் செய்தது என்று சொல்லட்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அன்றைக்கே அவன் விரும்பிய நிறத்தை, சரியான பெயின்றில், நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் மேலே சார்ஜ் போடும்போது எண்பது, எண்பத்தைந்தில் நிறுத்திவிடுங்கள். 60 யூனிட் பற்றரியில் பத்து வீத இடம் இருந்தாலே ஆயிரம் மீற்றர் இறக்கத்தின் சக்தி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். இலவச மின்சாரம் கிடைத்தாலும் நிறுத்துங்கள். இறங்கும்போது மலை அதைவிட இலவசமாகத் தரும். ஹைபிரிட்காரர்கள் 'பி'யைப் போடுங்கள். சாதாரண ஓட்டோ கியர் என்றால் 'எல்'. நீண்ட நேரம் பெடலில் காலை வைத்துக்கொண்டே இறங்க வேண்டாம். சமவீதியில், பின்னால் யாரும் வராத நேரம் பார்த்து, வாரத்தில் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து அந்தத் தட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் உறை வாங்கவில்லை. பேட்டைப் பார்த்தபோது பின்பக்கம் ஒன்று இறுகி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்ததாம். பின்னைக் கழற்றிக் கிறீஸ் போட்டு, ஒயிலும் மாற்றி, மிச்சக் காசில் சூடு தாங்கும் பெயின்ற் ஒரு டின் வாங்கியிருக்கிறான். நிறம் மஞ்சள். வீட்டில் ஒரு கட்சி இன்னும் கோபமாம்.

இதை வாசிக்கும் வாகனக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிரேக் ஒயில் கடைசியாக மாற்றிய மாதமும் வருடமும் கமெண்டில் போடுங்கள். தெரியாதவர்கள் "தெரியாது" என்றே போடுங்கள், யாரும் சிரிக்க மாட்டோம். டவுனில் நல்ல பிரேக் வேலை தெரிந்த பாஸ்மார் யார் என்று தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். டிசம்பர் லீவு கிட்ட வருகிறது.